ஒருபக்க இறகு

எறிவதுதான் என் தொழில். அறுபதுகளின் நடுவில் தொடங்கி எழுபதுகள் முடிகிற வரைக்கும் அதில்தான் சோறு தின்றேன். காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் எங்கள் அம்புக்கடை அங்கே இருக்கும். அம்பு என்றால் வில்லில் வைத்து விடுவது இல்லை. விரல் நீள மரக்குச்சி, முன்னால் ஊசி, பின்னால் கோழி இறகு. கையால் எறிய வேண்டும். எதிரே வட்டம் வட்டமாகச் சாயம் பூசிய பலகை, நடுவில் சிவப்புப் பொட்டு. காசு கொடுத்தால் மூன்று அம்பு. ஒன்று பொட்டில் பட்டாலும் பீங்கான் கோப்பையோ முகம் பார்க்கிற கண்ணாடியோ எடுத்துக்கொண்டு போகலாம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் புதுவயல் அரிசி ஆலையில் நெல் காய வைக்கிற வேலை பார்த்தேன். அவித்த நெல்லை வெயிலில் பரப்பிவிட்டு, காக்கையும் ஆடும் வராமல் கல்லெறிய வேண்டும். ஆட்டின் மேல் பட்டால் ஆட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அதனால் ஆட்டின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கல் விழ வேண்டும். என் கல் அங்கேதான் விழும். மற்றப் பெண்கள் கூடை நிறையக் கல் பொறுக்கி வைப்பார்கள், எனக்கு மடியில் நாலு கல் போதும். இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்தக் களத்தில் கூட இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை, அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னைக் கட்டிக்கொண்டபோதே என் வீட்டுக்காரர் அம்புக்கடைதான் போட்டுக்கொண்டிருந்தார். வந்த ஒரு வாரத்தில் அவருடைய தொழில் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு அம்பிலும் ஒரு பக்கத்து இறகைக் கத்தரியால் கொஞ்சம் நறுக்கி வைத்திருப்பார். பார்த்தால் தெரியாது. எறிந்தால் அம்பு இடது பக்கம் ஒதுங்கும். யார் எறிந்தாலும் பொட்டுக்குப் பக்கத்தில் போய்க் குத்தி நிற்கும். கொஞ்சத்தில் தப்பிவிட்டதே என்று அவர்களும் இன்னும் மூன்று கேட்பார்கள்.

கூட்டம் இல்லாத மத்தியானங்களில் நானும் எறிந்து பார்த்தேன். நறுக்கிய பக்கம் பெருவிரலில் படுகிற மாதிரி பிடித்து, பொட்டுக்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளிக் குறி வைத்தால், அம்பு வளைந்து வந்து பொட்டில் உட்கார்ந்துவிடும். நாலைந்து மாதத்தில் கை பழகிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். நான் எறிவேன், படும். ஒரு பொம்பளையால் முடிகிறது, நம்மால் முடியாதா என்று ஆம்பளைகள் வந்து விழுவார்கள். அவர்கள் எறிந்தால் படாது.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. ஏழாவது வருஷம் காரைக்குடியில் அம்மன் கோயில் திருவிழா. அதற்குள் ஒரு பேச்சு பரவியிருந்தது. பலகைக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது, அவள் அம்பில் மட்டும் இரும்பு, மற்றதெல்லாம் ஏமாற்று என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கையை யாரும் அதுவரை பொய் என்று சொன்னதில்லை.

மலாயாவிலிருந்து வந்த ஒருவர் ஊரில் இருந்தார், பெரிய வீட்டுக்காரர். அங்கே வெள்ளைக்காரர்களோடு இந்த ஆட்டம் ஆடிப் பழகியவராம். அவர் கடைக்கு வந்து, தன்னிடம் சீமைப் பலகையும் அம்பும் இருப்பதாகவும், நாளைச் சாயங்காலம் கொண்டுவருவதாகவும், அதில் நான் எறிய வேண்டும் என்றும் சொன்னார். ஆறு அம்பு. அதில் மூன்று அம்பாவது பொட்டில் பட வேண்டும். படாவிட்டால் கடையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று திருவிழா நடத்துகிறவர்களும் கூட நின்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

"வேணாம்புள்ள. விடியவும் கடையக் கட்டிக்கிட்டு மானகிரிப் பக்கம் போயிருவோம்."

"எதுக்கு ஓடணுங்கிறீக? காந்தமா வச்சிருக்கோம்?"

"காந்தம் இல்ல," என்றார். பிறகு கத்தரியை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் பலகை வந்தது. அம்பு ஒவ்வொன்றும் பித்தளை உடம்பு, கையில் வைத்தால் கனம். இறகு எல்லாப் பக்கமும் முழுசாக இருந்தது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. முதல் அம்பைப் பழையபடியே விட்டேன். பொட்டுக்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளிக் குத்தியது. பதறிப்போய் இரண்டாவதையும் விட்டேன். அதன் பக்கத்திலேயே குத்தியது. மூன்றாவதும் அங்கேதான். கூட்டம் சிரித்தது. பக்கத்துக் கடைப் பொரிகடலைக்காரி, "காந்தத்த வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள்.

மீதி மூன்று அம்பு. மூன்றும் பட வேண்டும். எங்கள் அம்பு வேறு மாதிரி, அதனால்தான் தப்புகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சொல்லிவிடாதே என்று அவர் கண் கெஞ்சியது. சொல்லவில்லை. பலகையைத்தான் பார்த்தேன். மூன்று அம்பும் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் நின்றன. கை தப்பவில்லை, குறி வைத்த இடத்தில்தான் போட்டிருக்கிறது. ஆறு வருஷமாக நான் பொட்டைப் பார்த்து எறிந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொட்டைப் பார்த்தேன். கை வலது பக்கம் இழுத்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். மலாயாக்காரர், "என்னம்மா, கை நடுங்குதா?" என்றார். எறிந்தேன். பொட்டில் குத்தியது. யாரோ விசில் அடித்தார்கள். அடுத்ததை யோசிக்கவே இல்லை, அதுவும் பொட்டு. ஆறாவது அம்புக்கு இடமே இல்லாமல் இரண்டும் நெருங்கி நின்றன. அந்த இடுக்கில் போய் அது உரசிக்கொண்டு சொருகியது. எனக்குக் காது அடைத்துவிட்டது. கூட்டம் வாயைத் திறந்து கத்துவது மட்டும் தெரிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். மலாயாக்காரர் சிரித்துக்கொண்டே, "சீமை அம்புல்ல, அதான் நேராப் போகுது" என்றார். என் கைக்கு ஒன்றும் இல்லையாம், அவர் அம்புக்குத்தானாம் பெருமை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நேராப் போறத எறியிறது பெரிய காரியமாய்யா? எங்க அம்புல ஒருபக்க இறக நறுக்கியிருக்கு. அது கோணத்தான் போகும். ஆறு வருசமா நான் அதுலதான் பொட்டடிக்கிறேன். நீங்க ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மலாயாக்காரர் எங்கள் அம்பு ஒன்றை வாங்கி, கண்ணுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்கள் பலகைக்கு எதிரே நின்று எறிந்தார். தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவது பலகையையே விட்டுவிட்டுப் பொரிகடலை மூட்டையில் போய்க் குத்தியது. முதலில் சிரித்தவர் அவர்தான். இன்னும் மூன்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் ஒருவர் நின்றார், அவருக்குப் பின்னால் பத்துப் பேர். கோணல் அம்பு என்று தெரிந்தே எறிய வந்தார்கள். விளக்கேற்றுகிற வரைக்கும் ஒருவரும் பொட்டில் அடிக்கவில்லை, ஒருவரும் கோபப்படவும் இல்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அம்பை இரண்டு தட்டாகப் பிரித்தார். ஒன்றில் முழு இறகு, இன்னொன்றில் நறுக்கிய இறகு, எது எது என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுத்தார். நறுக்கியதில் அடித்தால் எவர்சில்வர் குடம். அந்தக் குடத்தை மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுமந்தோம்.

காரைக்குடி முடிந்ததும் அடுத்து நாச்சியாபுரத்தில் திருவிழா. பந்தல்கால் நட்டுக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் வந்து, அம்பு எறிகிற அந்தம்மா வந்திருக்காகளா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"வந்திருக்காக," என்றார். "காப்பி குடிச்சிட்டு வருவாக. வரிசையில நில்லுங்க."