பத்து வரைக்கும்

பிரசவ அறைச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. எங்கள் பெரிய சிஸ்டர் அதை ஏறிட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. அவருக்கு நேரம் என்றால் ஒன்றிலிருந்து பத்து வரைதான். நோவு எடுத்தவளின் தலைமாட்டில் போய் நிற்பார். நெற்றியில் வியர்வையோடு ஒட்டிக்கிடக்கும் முடியை ஒதுக்கிவிடுவார். "மூச்சை உள்ள பிடி மக்களே... ம், இப்போ முக்கு" என்பார். எந்த வீட்டுப் பெண்ணும் அவருக்கு 'மக்களே'தான். பிறகு எண்ணத் தொடங்குவார். கனத்த குரல், கொஞ்சமும் அவசரம் இல்லாத குரல். அது கதவைத் தாண்டி வராந்தா வரைக்கும் கேட்கும். அங்கே காத்திருக்கும் மாமியார்கள் கதை பேசுவதை நிறுத்திவிட்டு, தாங்களும் வாய்க்குள் கூடவே எண்ணுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

பிரசவ அறைக்குள் நின்றிராதவர்களுக்கு இது என்ன பெரிய காரியம் என்று தோன்றும். குழந்தையின் தலை கீழே இறங்கிய பிறகு, ஒவ்வொரு நோவு வரும்போதும் தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்க வேண்டும். பாதியில் மூச்சை விட்டாளானால் இறங்கிய தலை மறுபடி உள்ளே போய்விடும். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? அதற்கு ஒரு எல்லை அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். எல்லை தெரியாத வலியை எந்த மனுஷியாலும் தாங்க முடியாது. இதோ பத்து வரப்போகிறது, பத்து வந்தால் விட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அவள் எட்டையும் ஒன்பதையும் கடக்கிறாள். நர்சிங் படிப்பில் இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பின்னால், சாலைக் கடைத்தெருவின் இரைச்சல் லேசாகக் கேட்கும் தூரத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய சிஸ்டரும் நானும் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரர்கள், மற்றவர்கள் எல்லாம் மலையாளிகள். பிரசவ அறையில் பெரிய சிஸ்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எந்தப் பெண்ணாக இருந்தாலும் அவளுடைய பாஷையில்தான் எண்ணுவார். ஆரியசாலை வியாபாரி வீட்டு மருமகள்களுக்குத் தமிழ். நெடுமங்காட்டுக்காரிக்கு மலையாளம். இதாவது போகட்டும், வைத்தியத்துக்காக மாலத்தீவிலிருந்து வந்து வாடகை வீடு எடுத்துத் தங்கும் பெண்களுக்கு அவர்கள் பாஷையிலேயே எண்ணுவார்! பரிசோதனைக்கு வந்த ஒரு மாலத்தீவுக்காரிக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கிக் கொடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டாராம். எனக்குச் சிரிப்பாக வரும். "இங்கிலீஷ்ல எண்ணினா எல்லாருக்கும் பொதுவா இருக்குமே சிஸ்டர், எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நோவெடுத்தவளுக்க காதுல இங்கிலீஷு ஏறாது, கேட்டியா" என்றார். "சின்னதுல அம்மைக்க மடியில இருந்து படிச்ச எண்ணம், ஒண்ணு ரெண்டு, அது இருக்குல்லா? அது மட்டும்தான் ஏறும். உனக்கு ஒரு நாள் தெரியும் பாரு." நான் தலையை ஆட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். வயது அப்படி.

இரண்டாயிரம் பிறந்த சமயம். கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்காகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தரையில் மார்பிள் பதிக்க வடக்கேயிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் ஒற்றை ஆட்கள்தான். ஒருவன் மட்டும் எப்படியோ பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒருநாள் காலையில் அவளை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினான். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை வெளேரென்று கல்தூள். அவளோ ஒரு பிடி உருவம். முதல் பிரசவம். தாய், மாமியார், அக்கா தங்கை என்று துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது.

அவள் கத்தவே இல்லை. எங்களைப் பயமுறுத்தியது அதுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் கட்டிலில் ஏறினால் புருஷனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டித் தீர்ப்பார்கள். அம்மையைக் கூப்பிடுவார்கள், கர்த்தரைக் கூப்பிடுவார்கள், பத்மநாபனைக் கூப்பிடுவார்கள். இவள் சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசினாலும் எங்களுக்குப் புரியாது. அது தெரிந்துதான் பேசுவதையே விட்டுவிட்டாள் போல.

மதியம் தாண்டி அவளுக்கு நோவு முற்றிய நேரத்தில் இன்னொரு பெண்ணுக்கு அவசரமாகச் சிசேரியன் செய்யவேண்டி வந்தது. டாக்டரும் மற்ற நர்சுகளும் தியேட்டருக்குள் போய்விட்டார்கள். மலையாளிப் பெண்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவர்கள். அவர்களில் ஒருத்தி அங்கே இருந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. இருந்தது நாங்கள் இரண்டு பேர். களியக்காவிளையைத் தாண்டினால் பள்ளிக்கூடத்தில் இந்தி ஏது?

தலை தெரிய ஆரம்பித்திருந்தது. பெரிய சிஸ்டர் தலைமாட்டுக்குப் போனார். வேறு வழியில்லாமல் இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைக் காட்டி, வயிற்றைத் தொட்டு, தானே மூச்சைப் பிடித்து முக்கிக் காட்டினார். அவள் மிரண்டு போய்ப் பார்த்தாள். அப்புறம் சிஸ்டருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "ஏக்... தோ... தீன்..."

அவள் முகம் திரும்பியது! மூச்சைப் பிடித்தாள், முக்கினாள், தலை இறங்குவது எனக்கே தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நாலு, அஞ்சு" என்றார் சிஸ்டர். பொசுக்கென்று மூச்சை விட்டுவிட்டாள். தலை மேலே போய்விட்டது. அடுத்த நோவிலும் அதே கதைதான். ஏக், தோ, தீன் வரைக்கும் யாருக்குத்தான் தெரியாது? அதற்கு அந்தப் பக்கம் எங்கள் இருவருக்குமே இருட்டு. எண்ணிக்கை மூன்றோடு முடிந்துவிட்டது என்று அவளும் மூன்றோடு விட்டாள். அவள்மேல் என்ன தப்பு?

என் கையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி இருந்தது. தையல் மெஷின் ஓடுவது போல டகடகவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தளர ஆரம்பித்தது. நோவு ஓய்ந்த பிறகாவது ஏற வேண்டும். ஏறவில்லை. "சிஸ்டர்" என்றேன். அவர் காதிலும் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. வராந்தாவில் நின்ற ஆயாவைத் தியேட்டருக்கு விரட்டினேன். அங்கே வயிற்றைத் திறந்தாயிற்று, டாக்டரால் கையை எடுக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தக் குழந்தை எங்கள் கண் முன்னாலேயே போய்விடப் போகிறது என்றே நினைத்தேன்.

பெரிய சிஸ்டர் விடுவிடுவென்று கதவுக்குப் போனார். ஆண்களுக்கு அந்தக் கதவு திறக்காது, அது அவரே போட்ட சட்டம். அன்றைக்கு அவரே அதை அகலத் திறந்தார். அவளுடைய புருஷன் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார். "ஏக், தோ, தீன்... பின்ன? பின்ன என்னடே? சொல்லு!"

அவனுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே பெண்டாட்டி சாகக்கிடக்கிறாள், இந்த அம்மாள் வெளியே வந்து எண்ணச் சொல்கிறாள் என்றால் யாருக்குத்தான் பிடிபடும்? அப்புறம் உதடு நடுங்க ஒவ்வொன்றாகச் சொன்னான். சார். பாஞ்ச். சிஸ்டர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். சே. ஆட். நௌ. தஸ். அவ்வளவுதான், அவனை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு சிந்தாமல் வருகிறவளைப் போல, அந்தச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டே கட்டிலுக்கு வந்தார். ஓய்வு பெறும் வயதில் இருந்த மனுஷி. கேட்டது ஒரே ஒரு தரம்!

நோவு வந்தது. "ஏக், தோ, தீன், சார்..." என்றார். அவள் மூச்சை விடவில்லை. கண்கள் அகன்று சிஸ்டர் முகத்திலேயே நின்றன. "பாஞ்ச், சே, ஆட்..."

"சாத்!"

அறையே அதிர்ந்தது. காலையிலிருந்து ஒரு சத்தம் காட்டாத பெண், முந்தானையைத் துப்பிவிட்டுப் போட்ட முதல் சத்தம் அதுதான். பயத்தில் புருஷன் ஏழாவது எண்ணை விழுங்கிவிட்டிருக்கிறான்! வாங்கி வந்த சிஸ்டரும் கவனிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. உயிர் போகிற வலியிலும் அவள் கவனித்துவிட்டாள். தலையைத் தூக்கி, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கண்டிப்பது போல விரலை ஆட்டி, "சே, சாத், ஆட்" என்று சொல்லிக் கொடுத்தாள். பெரிய சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சாத்தா? சரி அம்மா, சாத். மன்னிச்சுக்க" என்றார். அவளும் சிரித்தாள். அந்தக் கட்டிலில், அந்த நேரத்தில் ஒருத்தி சிரித்து அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அடுத்த நோவுக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்ணினார்கள். சிஸ்டர் வாய்விட்டு, அவள் மூச்சைப் பிடித்தபடி கண்ணாலேயே. தஸ் வரைக்கும் தாக்குப்பிடித்தாள். மறுபடியும் தஸ் வரைக்கும். தலை வெளியே வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. சிஸ்டர் கால்மாட்டுக்குத் தாவி வந்து இரண்டு விரலைக் கொடுத்து அதைத் தளர்த்தி எடுத்தார். பெண் குழந்தை. நீலம் பாரித்துப் போய், துவண்டு கிடந்தது. சிஸ்டர் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே தம்மை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தார், இந்தியில். முதல் தடவை தஸ் வந்தது, அழவில்லை. நான் வாய்க்குள் ஜெபம் செய்தேன். மறுபடி ஏக்கிலிருந்து தொடங்கினார். பாதியில் அது அழுதது. அப்பா, என்ன அழுகை! ஒரு பாஷையின் பத்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு உயிர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்க் காட்டியபோது சிஸ்டர் அவனைச் சும்மா விடவில்லை. "சாத் எங்கடே போச்சு?" என்று அதட்டினார். அவன் ஒன்றும் புரியாமல் கும்பிட்டான். உள்ளேயிருந்து அவள் இந்தியில் ஏதோ சொன்னாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதான், சிரித்தான். கல்தூளில் கண்ணீர் ஓடி முகமெல்லாம் கோடு கோடாக ஆயிற்று. அவள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் சிஸ்டர் தினமும் அவள் கட்டிலருகே நின்று பத்து வரைக்கும் ஒப்பித்தார். அவள் திருத்தினாள். பக்கத்தில் நின்று நானும் படித்தேன். நான் கற்ற இந்தி இன்றுவரை அவ்வளவுதான்.

அது போதுமானதாக இருந்தது, ரொம்ப வருஷத்துக்கு. வங்காளம், ஒடிசா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் இந்தி எண்கள் ஓரளவு தெரிந்திருந்தது. இப்போது நான் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், என்னைத்தான் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்கிறார்கள். சமீபத்தில் வடகிழக்கு மலைப்பகுதியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். ஏக், தோ என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். அவள் புருஷன் வேலைக்குப் போன இடத்திலிருந்து வந்து சேரவில்லை. என்ன செய்வது? அவள் முன்னால் என் கையை நீட்டி ஒரு விரலை மடக்கினேன். நீ சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு சொல் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். இப்படி ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் நடுவே, அவள் மூச்சு வாங்க வாங்கப் பத்தும் சொல்லித் தந்தாள். அவள் பாஷையிலேயே எண்ணினேன். ஆண் குழந்தை, சுகமாகப் பிறந்தது.

வீட்டுக்கு வந்ததும் மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டேன். பெரிய சிஸ்டர் அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பதுக்குப் பக்கம். காது மந்தம், முட்டு வலி, எழுந்து நடமாட்டம் குறைவு. சத்தம் போட்டு முழுவதையும் சொன்னேன்.

"அது என்ன பாஷை?" என்று கேட்டார்.

"தெரியல்ல சிஸ்டர்."

"பாஷையே தெரியாம எப்பிடி எண்ணின?"

"அவ சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி, எனக்குப் பைய சொல்லித் தா மக்களே" என்றார். "ஒண்ணுக்கு என்ன?"

சொன்னேன். திருப்பிச் சொன்னார். சரியாக வரும்வரை இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ம். ரெண்டுக்கு?"