பிளாஸ்திரி ஒட்டிய சுவிட்ச்

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் சுவிட்சுகளுக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். காயத்துக்கு ஒட்டுவோமே, அதே பிளாஸ்திரிதான். காலை ஒன்பது மணிக்கு முதல்வர் வருவார். வோல்டேஜ் மீட்டரை ஒரு பார்வை பார்ப்பார். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் தன் கையாலேயே போட்டுவிட்டு, ஒவ்வொரு சுவிட்சின் மேலும் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போவார். மாலை ஐந்து மணிக்கு அவரே வந்து உரித்து அணைப்பார். சுற்றிலும் கிணற்றுப் பாசனம். மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் அத்தனை பம்புசெட்டும் ஒன்றாக ஓடும், எங்கள் டியூப்லைட் சிமிட்டும். அப்படி ஒரு நேரத்தில் யாரோ அணைத்து அணைத்துப் போட்டதில் கம்ப்யூட்டருக்குள் ஒரு போர்டு கருகிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. நான் அதைக் கிண்டல் செய்வேனே தவிர, தொட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. தருமபுரிக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சேலத்தில் ஆறு மாதம் படித்த சான்றிதழும், அதைவிடப் பெரிய தலைக்கனமும் என்னிடம் இருந்தன. பல்கலைக்கழகத் தேர்வு எழுதப் போகும் மாணவர்களின் பெயர்ப்பட்டியலை அச்சடித்து மெட்ராசுக்கு அனுப்புவது என் வேலை. கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. பட்டியல் போகாவிட்டால் யாருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது. அந்த நேரம் பார்த்து எங்கள் பிரிண்டர் படுத்துக்கொண்டது.

சேலத்தில் தெரிந்த கல்லூரியில் ஒதுக்கி வைத்திருந்த பழைய பிரிண்டர் ஒன்றை இரவலாகத் தந்தார்கள். மறுநாள் காலையில் அதைக் கொண்டுவந்தவர் எங்கள் அட்டெண்டர். நாற்பது வயதிருக்கும், காரிமங்கலத்துக்காரர். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. பிரிண்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் சேலத்திலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் அதை வைத்ததும் எங்காவது கீறல் இருக்கிறதா என்று பயந்து பயந்து சுற்றிப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். பின்னால் அந்தப் பயத்தையே பயன்படுத்திக்கொண்டேன்.

முதல்வர் அதன் சுவிட்சைப் போட்டு, வழக்கம்போலப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு வகை பிரிண்டருக்கும் கம்ப்யூட்டரில் தனி டிரைவர் வேண்டும். எந்தக் கட்டளைக்கு எப்படி அச்சடிப்பது என்று இரண்டுக்கும் நடுவில் பேசிவைக்கும் சின்ன புரோகிராம் அது. எங்கள் ஃப்ளாப்பியில் இருந்த பட்டியலில் இந்தக் கிழட்டு பிரிண்டரின் பெயரே இல்லை. பெயர் கொஞ்சம் ஒத்துப்போன ஒன்றைப் போட்டேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சம்பந்தமில்லாத எழுத்துகளைத் துப்பியது. இன்னொன்றைப் போட்டேன், பாதிப் பெயரைத் தடித்த எழுத்தில் அடித்தது. நாலாவதாக, எந்த அலங்காரமும் இல்லாத சாதா டிரைவரைப் போட்டதும் எழுத்து சுத்தமாக வந்தது. எழுந்து ஆடாத குறைதான்.

அப்புறம்தான் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது. பல்கலைக்கழகம் அனுப்பியிருந்ததோ கோடு போட்ட படிவம், அதுவும் எண்ணி அனுப்பிய தாள்கள். ஒன்றுவிட்டு ஒன்று அடித்தால் பாதி மாணவர்களுக்கு இடமே இருக்காது.

கூடவே வந்த ஜெராக்ஸ் தாளில் ஓர் அட்டவணை இருந்தது. பிரிண்டரின் பின்னால் ஒரு சின்ன மூடிக்குள் அரிசி அளவில் எட்டு சுவிட்சுகள். வரிக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரும் தாளைத் தள்ளுகிறது, பிரிண்டரும் தன் பங்குக்குத் தள்ளுகிறது. இரண்டாவது சுவிட்சை மாற்றினால் பிரிண்டர் தள்ளாது. பேனா முனையால் அதை நகர்த்தி மறுபடி அச்சடித்தேன். அதே காலி வரி. திருப்பி நகர்த்தினேன், மறுபடி மாற்றினேன். எட்டையும் ஒரு சுற்று மாற்றிப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அட்டவணையில் சொன்னபடியே வைத்துவிட்டேன்.

மணி பதினொன்று. மொரப்பூரில் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டரை மணி பஸ்ஸில் அட்டெண்டர் ஏறியாக வேண்டும்.

வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அட்டெண்டர் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அந்தப் பிளாஸ்திரிய எடுத்துட்டு ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாக்கலாங்களா?"

"இது என்ன ரைஸ்மில் மோட்டாரா? தெரியாத விஷயத்துல தலையிடாதீங்கண்ணா."

அந்தச் சமயம் முதல்வர் உள்ளே வந்தார். கிழிந்து கிடந்த தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? உங்களுக்கு இதுகூட வராதா?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன், ஆகவே தப்பு என்னுடையதாக இருக்க முடியாது என்றுதான் தோன்றியது. வாய் முந்திக்கொண்டது.

"வர்ற வழியில எங்கயோ அடி பட்டிருக்கு சார். சுவிட்செல்லாம் வேலை செய்யல."

முதல்வர் அட்டெண்டர் பக்கம் திரும்பினார். "கீழ போட்டியா?"

"இல்லீங்க சார். மடியிலதாங்க வச்சிருந்தேன்."

"இரவல் சாமான்யா இது. நாளைக்கி அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? எழுதிக் குடு."

அட்டெண்டருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். முதல்வர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'என் கவனக்குறைவால் பிரிண்டர் சேதமடைந்தது.' சுவிட்சுகளை நகர்த்திய அதே பேனா. அவர் அதை வாங்கி, மேஜையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். முதல்வர் அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நிரந்தர வேலை அந்த மடிப்போடு போயிற்று என்பது அறையில் இருந்த எங்கள் இருவருக்கும் தெரியும். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தாவது டிரைவர், ஆறாவது டிரைவர். மணி பன்னிரண்டைத் தாண்டியது. கையால் எழுத ஆரம்பிக்கலாமா என்று படிவத்தை எடுத்தபோது கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது. இருட்டிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. முதல்வர் ஓடிவந்து மீட்டரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஃப்ளாப்பியைப் போட்டு, பழைய சாதா டிரைவரோடு, நம்பிக்கையே இல்லாமல் ஒரு வெள்ளைத் தாளில் அச்சடித்தேன்.

வரிக்கு வரி ஒட்டி வந்தது. நடுவில் காலி வரி இல்லை.

மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும். எனக்கு அட்டெண்டர் கேட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஜெராக்ஸ் தாளை மறுபடி எடுத்தேன். அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. சுவிட்சை மாற்றினால் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும், அப்போதுதான் புது அமைப்பை எடுத்துக்கொள்ளும். காலையிலிருந்து என் கையிலேயே இருந்த தாள் அது.

பட்டியல் முழுவதும் அடித்து முடிக்கும்போது மணி இரண்டு. முதல்வர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரிம்மா" என்றார். அட்டெண்டர் கட்டை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு முதல்வர் பிளாஸ்திரி உரிக்க வந்தார். உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா, எப்படித்தான் சரி பண்ணுனீங்க?"

"நான் பண்ணல சார். கரண்ட் போச்சு."

அவருக்குப் புரியவில்லை. ஜெராக்ஸ் தாளை நீட்டி அந்த வரியைக் காட்டினேன். "பிரிண்டர் ஒடையல சார். நான் படிக்காம விட்டுட்டேன். அண்ணன் அப்பவே அணைச்சுப் போடச் சொன்னாரு."

அவர் கையில் பிளாஸ்திரித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ என் பிளாஸ்திரிதான் தப்புங்கறீங்களா?"

"எழுதுனது நான்தான் சார்."

அவர் தன் அறைக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கோபமா, வெட்கமா தெரியவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலவே பிளாஸ்திரி ஒட்டினார், பிரிண்டருக்கு மட்டும் ஒட்டவில்லை.

மூன்றாம் நாள் அட்டெண்டர் வந்தார். மெட்ராசில் பட்டியலைக் கொடுத்ததற்கான ரசீதை முதல்வரிடம் தந்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"மேடம், நான் ரயில்ல ஒக்காந்து நல்லா யோசிச்சுப் பாத்தனுங்க. தொப்பூர் ஏத்தத்துல எதுக்க ஒரு லாரி வந்துச்சு. டிரைவரு சடார்னு பிரேக் போட்டாரு. முன் சீட்டுக் கம்பியில லேசா தட்டுச்சுங்க. அப்பத்தானுங்க ஒடஞ்சிருக்கும். அன்னிக்கி சாருகிட்ட இல்லீன்னு சொன்னது தப்புங்க."

செய்யாத தப்புக்கு இடத்தையும் நேரத்தையும் அந்த மனிதர் இரண்டு நாளாகத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் ஒடைக்கலீங்களா?"

"இல்லண்ணா. நான்தான் சரியா பாக்கல."

"காலையில வூட்டுக்குப் போயி, நாந்தான் ஒடைச்சுப்புட்டேன்னு சொல்லிட்டனுங்களே. சம்சாரம் அழுதுட்டிருக்கறா." கடிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினார். "நான் ஒடைக்கலைன்னு இதே மாதிரி ஒரு லெட்டரு எழுதிக் குடுங்க மேடம். புள்ளைங்க படிச்சுக் காட்டும்."

அந்த பிரிண்டருக்குத் தமிழ் வராது. பேனாவை எடுத்து எழுதினேன். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டது நான்.