வில்லியத்தைப் பெற்றவளைத் தேடி ஸ்கொட்லாந்து வரை

போன மே மாதம் நான் ஸ்கொட்லாந்து போனது மலை பார்க்க அல்ல. கல்முனையில் இருக்கும் என் உம்மாவுக்கு ஒரு பெண்ணின் பெயர் வேண்டியிருந்தது.

உம்மாவின் பாட்டனார் வில்லியம், ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் பகுதிக்காரர். கோமாரித் தென்னந்தோட்டத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர், இஸ்லாத்தைத் தழுவி யூசுபாகி, எங்கள் ஊரிலேயே அடங்கினார். எங்கள் பக்கம் அடக்கம் முடிந்து கப்றடியில், புதைகுழி அருகே நின்று, தல்கீன் என்ற ஓதலை ஓதும்போது, இறந்தவரை இன்ன தாயின் பிள்ளையே என்றுதான் விளிப்பார்கள். தாயின் பெயர் தெரியாதவர், ஆதித்தாய் ஹவ்வாவின் பிள்ளை. யூசுபுக்கு அப்படித்தான் ஓதினார்களாம். ஹவ்வா எல்லாருக்கும் தாய்தானே என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஓம், எல்லாருக்கும்தான். ஆனா அவரப் பெத்தவ ஒருத்தி இருந்திருப்பாதானே மகள்?" என்றார் உம்மா.

எடின்பரோவிலிருந்து ஃபைஃப் ஆவணக் காப்பகத்துக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். அங்கே அரைநாளை வீணாக்கினேன். ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர், ஏகப்பட்ட வில்லியம்கள். பொறுப்பாக இருந்த பெண்மணி களைத்துப்போய், தகப்பனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். பீப்பாய் செய்கிறவர் என்றேன். இதைக் காலையிலேயே சொல்வதற்கென்ன என்று தலையில் கைவைத்தார். எங்கள் ஊரில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. தகப்பனை யார் கேட்கிறார்கள்?

பத்து நிமிடத்தில் பிறப்புப் பதிவு கிடைத்தது. தாய் இஸபெல். கல்யாணமான பிறகும் அவள் பிறந்த வீட்டுப் பெயரைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த நாட்டின்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

அவளுடைய ஊர்த் தேவாலயத்துக்குப் போக பஸ் ஏறினேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று சாரதி கேட்டார். சொந்தக்காரி ஒருத்தி என்றேன். மயானத்தில் அவள் பெயரில் கல் எதுவும் இல்லை. புல்லும், மதிலுக்கு அப்பால் கடலும்தான். கல்முனையைப் போலவே கிழக்குக் கடல். மகன் வருவான் என்று இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்? மழையில் நின்று நன்றாக அழுதேன்.

இப்படித் தேடிப் போகிறவர்கள் தகப்பனின் தொழிலையும் பிறந்த ஊரையும் மறக்காமல் விசாரித்துக்கொண்டு போங்கள். காப்பகத்தில் முன்கூட்டியே இடம் பதியுங்கள். மே மாதமென்று நம்பி மழைக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

பெயரைத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா என் தம்பியைக் கப்றடிக்கு அனுப்பினார், "இஸபெல்லின் மகன் யூசுபே" என்று அழைத்து ஸலாம் சொல்ல. அவன் வீட்டுப் படி ஏறியதுமே கேட்டாராம்:

"சத்தமாச் சொன்னியா மகன்? உம்மாட பேரக் கேட்டு அவருக்கு எவ்வளவு காலம்!"