பக்கத்து வீட்டு வரி விலாங்கு

தொண்ணூறுகளின் நடுவில் உக்கடத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று வீடுகள். முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா, எங்களுடையது நடு வீடு. கடைசி வீட்டுக்கு ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் குடிவந்தார். வளர்ப்பு மீன் கடையில் வேலை என்றார். வந்ததுமே பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை உள்ளே தூக்கிப் போனார். எட்டிப் பார்த்தால் மீன் எதுவும் தெரியாது. தண்ணீரும், அடியில் கனமாக மணலும்தான். அவ்வப்போது கேனில் கடல் தண்ணீர் வந்து இறங்கும்.

"வெறும் மணலுக்கு எதுக்குங்க கடல் தண்ணி?" என்று என் மனைவி கேட்டாள்.

ஒருநாள் அங்கே குழாய் பார்க்கப் போன வீட்டுக்காரம்மா, வெளிறிப்போய் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"ஏனுங்க, அந்தத் தம்பி பாம்பு வளக்குதுங்க! கறுப்பும் வெள்ளையுமா வரி. மணலுக்குள்ள இருந்து தலைய நீட்டி என்னையே பாக்குதுங்க."

நான் போய் அந்த இளைஞரிடம் விசாரித்தேன். அவர் சிரித்தார்.

"பாம்பு இல்லண்ணே, கடல் விலாங்கு. பாக்கத்தான் பாம்பு மாதிரி. வாலாலயே மணலத் தோண்டிப் பின்பக்கமா உள்ள போயிரும். எங்கப்பா வலையில வந்துச்சு."

"எங்க, காட்டுங்க தம்பி பாப்போம்."

"ஆள் சத்தம் கேட்டு உள்ள போயிருச்சுண்ணே. இன்னைக்கு இனி வராது."

அந்தப் பதில்தான் உறுத்தியது. அதற்கப்புறம் அவர் கதவு சாத்தியிருந்தாலும் சந்தேகம், திறந்திருந்தாலும் சந்தேகம். என் மனைவி எங்கள் வீட்டுத் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டாள்.

ஒரு காலையில் அவரே வந்து நின்றார். "அண்ணே, தொட்டி மூடி நகந்திருக்கு. அதக் காணோம்."

காம்பவுண்டே வெளியே வந்துவிட்டது. கடல் தண்ணீர் இல்லாமல் அது பிழைக்காது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"நம்மளக் கம்முனு இருக்க வெக்கறதுக்குச் சொல்றதுங்க," என்று வீட்டுக்காரம்மா தடியை எடுத்தார். நான் கொடிக்கயிற்றைக்கூட உதறிப் பார்த்தேன்.

துவைக்கிற கல்லின் அடியில் கிடந்தது அது. செத்து விறைத்திருந்தது. குனிந்து பார்த்தேன். முதுகு நெடுக மெல்லிய துடுப்பு. கழுத்தோரம் செவுள் ஓட்டை. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது அதுதானுங்களா? இல்ல, வேற ஒண்ணு ஒளிஞ்சிருக்குதுங்களா?" என்றார்.

அந்த இளைஞர் அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். முகம் சுண்டியிருந்தது. அந்த மாதமே காலி செய்தார்.

அடுத்து வீடு கேட்டு வந்தவர்களிடம் வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது, "மீனு கீனு வளப்பீங்களா?" என்றுதான். கோழி மட்டும்தான் என்றார்கள். முட்டை தேடி நிஜப் பாம்பே வரும் என்று நான் வாயெடுப்பதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்.