மீட்க வருகிறவர்கள்

2021 ஓகஸ்ட், இங்கே குளிர்காலம். கொரோனாவால் ஓக்லாந்து நகரம் முழுவதும் லொக்டவுனில் அடைந்து கிடந்தது. நான் சமையலறையில் வேலை செய்த முதியோர் இல்லம் மட்டும் வழமைபோல நடந்தது. பஸ்ஸில் போகப் பயந்த என்னை, அங்கே தாதியாக இருந்த ஈரானியப் பெண் நாங்கள் இருந்த சான்ட்ரிங்ஹாமுக்கு வந்து காரில் ஏற்றிக்கொள்வாள். முகக்கவசத்தோடு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே போவோம்.

அவளுடைய ஊர் மஷாத். ஆப்கான் எல்லைக்குக் கிட்ட. அங்கே அவளுடைய தம்பி ரொட்டிக்கடை வைத்திருந்தான். தலைத்துணி விலகியதற்காக ஒருமுறை பொலிஸ் வானில் ஏற்றப்பட்டவள் அவள். தன் நாட்டை ஆள்பவர்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்கப் படை வெளியேற, காபூல் விழுந்த அந்த வாரம், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி அழைத்தான். இருவரும் தங்கள் பார்சி மொழியில் கதைத்தார்கள். அவன் குரல் நடுவில் உடைந்தது. தங்கள் ஆட்சியின் கொடுமையைத்தான் சொல்லி அழுதான் என்று நினைத்து, அழைப்பு முடிந்ததும், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:

"கவலைப்படாதே. ஒருநாள் உங்களையும் மீட்க மேற்கு நாட்டுக்காரர் வருவார்கள்."

அவள் வழியில் த்ரீ கிங்ஸில் பூட்டிக் கிடந்த கடைகளுக்கு முன்னால் காரை ஓரங்கட்டினாள்.

"வேண்டாம். தயவுசெய்து அப்படி ஆசைப்படாதே."

தம்பி சொன்னதை அப்போதுதான் சொன்னாள். கடையில் மாவு பிசைபவன் ஓர் ஆப்கானியன். 'உங்களுக்காவது அமெரிக்கா இருக்கிறது, எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?' என்று தம்பி அவனைப் பகிடி பண்ணுவானாம். இப்போது அந்த ஆப்கானியன் எல்லைக்கு அப்பால் ஹெராத்திலுள்ள தன் அக்காவுக்கு அழைத்தபடியே இருக்கிறான், பதில் இல்லை. ரொட்டி வாங்க நிற்கிற சனம் அவன் காதுபடவே வாதாடுகிறது. இருபது வருசமாவது பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களே என்கிறார்கள் சிலர். அமெரிக்கர் அதற்குத்தான் வந்தார்களா, அப்படியென்றால் ஏன் இப்படிப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்கிறார்கள் மற்றவர்கள்.

"எங்கள் ஆட்கள் எங்களை அடிக்கிறார்கள், உண்மை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவன் எங்களுக்காக வரமாட்டான். தனக்காக வருவான், தனக்காகப் போவான்" என்றாள்.

எனக்கு ஊர் நினைவு வந்தது. வன்னியில் போரின் கடைசி மாதங்களில் நாங்கள் பங்கர்க் குழிக்குள் இருந்து கடலைப் பார்த்தோம். அமெரிக்கன் கப்பல் வருகுதாம் என்று தினமும் யாராவது சொல்வார்கள். அதை நம்பித்தான் அம்மா பிள்ளைகளின் உடுப்புகளைப் பையில் கட்டி வைத்திருந்தா. இதை அவளிடம் சொன்னேன்.

"வந்ததா?"

"இல்லை."

அவள் என் கையைப் பிடித்தாள். தொடக்கூடாத காலம் அது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவருக்குக் கோபம் வந்தது.

"அவவுக்கென்ன தெரியும்? அமெரிக்கன் வந்திருந்தா எங்கட சனம் தப்பியிருக்கும்."

"ஓம், தப்பியிருக்கும். பிறகு?" என்றேன்.

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

மாவு பிசைகிற ஆப்கானியனின் அக்கா தன் இரண்டு மகள்மாரோடு எப்படியோ எல்லை கடந்து மஷாத்துக்கு வந்துவிட்டாள். தோழியின் தம்பி தன் கடைக்கு மேலிருந்த அறையை அவர்களுக்குக் கொடுத்தான். செய்தியைச் சொன்ன அன்று என் தோழி முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் பங்கிட்டாள்.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. ரொட்டி விலை ஏற ஏற, அமெரிக்காவைத் திட்டிய அதே சனம் அறையில் இருந்தவர்களைத் திட்டத் தொடங்கியது. சில வருடங்களில் ஈரான் பொலிஸ் ஆப்கானியரைப் பிடித்துப் பிடித்து எல்லைக்கு அனுப்பியது. தம்பி காவல் நிலையத்துக்கு அலைந்தும் பலனில்லை. அந்த அக்காவும் மகள்மாரும் எல்லைக்குப் போகிற ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள்.

முதியோர் இல்ல வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் தோழி இதைச் சொன்னாள். காரின் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "இதைச் செய்தது வெளிநாட்டுக்காரன் இல்லை" என்றாள்.

இந்த முறை நான் அவள் கையைப் பிடித்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. இருவரும் இறங்கி உள்ளே போனோம்.