சக்கரத்துக்கு ஒரு கல்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டோம். கடையில் வாங்கிவந்த சர்க்கரையை அம்மா வீட்டுத் தராசில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பாள். மழை இல்லை என்று செய்தியில் சொன்னால், அன்றைக்குத்தான் அப்பா ஜீப்பில் தார்ப்பாயை எடுத்துப் போடுவார். எனக்கு அந்த குணம் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது. நான் வேதியியல் படிப்பை விட்டதற்கும் அதுதான் காரணம்.

திருப்பத்தூரில் கல்லூரி. ஆய்வகத்தில் ஓர் உப்பைக் கொடுத்து, அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எந்தக் குப்பியில் எந்த உப்பு என்பது சீனியர்கள் வழியாக முன்பே எங்கள் காதுக்கு வந்திருக்கும். முதலில் பெயரை எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி நிறம் மாறியது, புகை வந்தது என்று சோதனையைப் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வருவோம். மதிப்பெண்ணும் போடுவார்கள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆத்திரமே வந்துவிட்டது. அதே ஊரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கார் மெக்கானிக் பிரிவில் இடம் இருப்பது தெரிந்ததும் சேர்ந்துவிட்டேன். என்ஜின் ஓடினால் ஓடுகிறது, ஓடாவிட்டால் ஓடவில்லை. அதில் யாரும் கதை எழுத முடியாது.

ஆனால் மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டுப் பக்கம் அதற்கும் கதை எழுதினார்கள். கல்லூரியில் எவனோ இருக்கிறான், அவனைப் பார்க்காமல் இருக்கத்தான் ஓடிவந்துவிட்டாள் என்றாள் அம்மா. இல்லை, அவன் மெக்கானிக்காக இருப்பான், அவன் பின்னாலேயே போயிருக்கிறாள் என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்பா இரண்டையும் நம்பவில்லை. நான் ஃபெயிலாகிவிட்டேன் என்று முடிவுசெய்து, கல்லூரிக்கே போய் விசாரித்தார். எல்லாவற்றிலும் பாஸ், ஜூனில் மறுபடி வந்து சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டபிறகு அவருக்குச் சந்தேகம் இன்னும் பெரிதாகிவிட்டது.

"பாஸ் பண்ணவ எதுக்கும்மா படிப்ப வுடற? இன்னாத்தயோ மறைக்கிற நீ."

"ஒண்ணும் இல்லப்பா. எனக்கு வண்டி வேல புடிச்சிருக்கு."

"சரி. நம்ம வண்டில எதனா ஒண்ண உருப்படியா செஞ்சு காட்டு. இல்லாங்காட்டி ஜூன்ல மரியாதையா காலேஜுக்குப் போ."

நம்ம வண்டி என்றால் அப்பா ஓட்டுகிற ஜீப். பஸ் வராத எங்கள் ஊர்களுக்கு அதுதான் பஸ், அதுதான் லாரி. அதில் கைபிரேக் என்று ஒன்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வேலை செய்ததில்லை. அந்த ஒரு ஜீப்பில் மட்டுமல்ல, மலையில் ஓடுகிற பல ஜீப்புகளில் அப்படித்தான். சரிவில் வண்டி நின்றால், பின் கதவோரம் உட்கார்ந்திருப்பவர் முதலில் குதித்து, காலடியில் கிடக்கும் கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். எங்கள் ஜீப்பில் அந்த இடம் பெரியம்மாவுக்கு. கல்லை வேறு யாராவது தொட்டால்கூட அவளுக்குக் கோபம் வரும். கைபிரேக் கம்பியில் அப்பா துண்டை மாட்டி வைத்திருப்பார். அதற்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அந்தக் கைபிரேக்கைத்தான் சரிசெய்வது என்று தீர்மானித்தேன். பயிற்சி நிலையத்தில் எனக்கு டயர் கழற்றவும் ஸ்பேனர் துடைக்கவும்தான் அதிகம் கொடுத்தார்கள். பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டத்தான் இடம் கொடுத்தார்களோ என்று எனக்கு ஓயாத சந்தேகம். அதனால் சார் பிரேக் வேலை செய்யும்போதெல்லாம் கூப்பிடாமலே போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். மாசி மாதம் லீவில் வந்தபோது பின்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். துருவேறி இறுகிப்போயிருந்த கேபிளை எடுத்துப் போட்டுப் புதிது மாட்டினேன். உள்ளே தேய்ந்து கிடந்த பிரேக் கட்டைகளையும் மாற்றினேன். கம்பியை இழுத்துக் காட்டி, "பாருப்பா" என்றேன்.

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து அதன்மேலேயே மாட்டினார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் காலை திருப்பத்தூருக்குப் புளி கொண்டுபோக வேண்டும். மூட்டைகளை ஏற்றி, ஜீப்பை எப்போதும்போல வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவில் நிறுத்தியிருந்தார். சாயங்காலம் பார்த்தால் அப்பா பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"இன்னாப்பா பண்ற?"

"ஆட்டுக்குட்டி ஒண்ணு இப்படி வந்துச்சு."

எங்கள் வீட்டில் அப்போது ஆடே கிடையாது. சாப்பிட்டுவிட்டு, புளிக்குக் காவல் இருக்க வேண்டும் என்று கம்பளியோடு ஜீப்புக்குப் போனார். எங்கள் ஊரில் புளியைத் திருடுகிறவன் யார்? நட்டை லூஸாக்கி வைத்துவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை, நீ காலேஜுக்கே போ என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. பெற்ற அப்பாவையே அப்படி நினைத்தேன்.

காலையில் அடியில் படுத்துப் பார்த்துவிடலாம் என்று போவதற்குள் ஹாரன் அடித்து ஆட்களை ஏற்றிவிட்டார். லீவு முடிந்து பயிற்சி நிலையத்து ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டிய நாள் என்பதால் நானும் பையோடு ஏறிக்கொண்டேன். வண்டி முக்கிக்கொண்டே நகர்ந்தது. "மூட்ட ஜாஸ்தி, இழுக்க மாட்டேங்குது" என்று முனகினார். ஊரைத் தாண்டி வருகிற ஏற்றத்தில் பாதி போனதும் கருகின வாடை அடித்தது. வண்டியை நிறுத்தினார். பெரியம்மா குதித்துக் கல்லை வைத்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள்.

"யோவ், சக்கரத்துல பொக வருதுய்யா! இந்தப் புள்ள இன்னாத்தயோ நோண்டி வச்சுக்கீது!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜூன் மாதம் கண்முன்னால் வந்து நின்றது. எனக்கு வாய் அடங்கவில்லை.

"எப்பா, நேத்து சாயங்காலம் வண்டிகிட்ட இன்னா பண்ண? இவங்க முன்னாடியே சொல்லு."

நான் முன்பக்கம் போய், கம்பியில் தொங்கிய துண்டை வெடுக்கென்று உருவினேன். கம்பி மேலே தூக்கி நின்றது. கைபிரேக்கைப் போட்டுக்கொண்டே இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். இத்தனை வருடம் எடுத்துவிட வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை, இன்றைக்கு எடுத்துவிட அவருக்கு எங்கே ஞாபகம் வரும்?

அப்பா கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"சாயங்காலம் கல்ல எடுத்துப் பாத்தேன். ராத்திரி கல்லே வைக்கல, இதத்தான் போட்டேன்" என்றார்.

"நம்ம வூட்டுக்கு மேலயா?"

"நான் உள்ளதான் இருந்தேன். கால பிரேக்குமேல வச்சினு படுத்துனு இருந்தேன்."

எனக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. "கால வச்சினு இருந்தா கைபிரேக் புடிச்சிச்சா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் துண்டை என் கையிலிருந்து வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தூங்கிட்டேன்மா. முழிச்சுப் பாத்தா காலு கீழ கெடக்குது. வண்டி நின்ன எடத்துலயே நிக்குது."

பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். சக்கரம் ஆறும்வரை எல்லாரும் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது அவள் கல்லைத் தூக்கிக்கொண்டு, இது இனிமேல் வேண்டுமா என்று அப்பாவைக் கேட்டாள்.

"அது உள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்பா கைபிரேக்கை இறக்கினார். இறங்கிவிட்டதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏறும்மா. உனுக்கு ஒர்க்‌ஷாப்புக்கு நேரம் ஆவுது" என்றார்.