ஒரே வீட்டில் இரண்டு வாய்

உண்ணாமலைக்கு எதையும் அப்படியே விட்டுவிடத் தெரியாது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை. ஒரு மூட்டைக் கொட்டை சுலபமாகப் பிளப்பதும் அடுத்த மூட்டை அடம் பிடிப்பதும் ஏன் என்று கேட்டு மேஸ்திரியைத் துளைப்பாள். கூட இருக்கும் பெண்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவளுடைய மகள்கள் சக்தியும் கீதாஞ்சலியும் இரட்டைப் பிள்ளைகள்; ஜாடை மட்டும் வேறு வேறு. இரண்டாம் வகுப்புப் படித்தார்கள். பள்ளியில் பல் பரிசோதனை முகாம் என்று பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஆனி ரோஸ் சக்தியின் வாயைப் பார்த்து, முதுகில் தட்டி அனுப்பினார். கீதாஞ்சலியின் வாயில் அடித்த டார்ச்சைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழி விழுந்திருந்தன.

"இனிப்பக் குறைங்கம்மா. ராத்திரி படுக்கும்போதும் பல்லு விளக்கச் சொல்லுங்க."

"ரெண்டையும் ஒண்ணாத்தான் வளக்குறேன் டாக்டரம்மா. ஒரே சோறு, ஒரே பேஸ்ட்டு. இவளுக்கு மட்டும் ஏன் சொத்தை?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆனாலும் ஆனி ரோஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவே எனக்குச் சொல்லத் தெரியல. பிள்ளை எப்படிச் சாப்புடுது, எப்படித் தூங்குதுன்னு கவனிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

உண்ணாமலைக்கு முதல் சந்தேகம் பள்ளி வாசல் பெட்டிக்கடை மேல்தான். நேராகக் கடைக்காரி சின்னம்மாளிடம் போனாள்.

"ஏங்க்கா, எங்க கீதா மிட்டாயா வாங்கித் திங்குதா?"

"கீதாவா? வாங்குறது பூரா சக்திதான். ஜவ்வு மிட்டாய் இல்லாம அது இங்கேருந்து நவுராது. கீதா சும்மா கூட நிக்கும்."

இது உண்ணாமலையை இன்னும் குழப்பிவிட்டது. மிட்டாய் தின்கிறவளுக்குப் பல் பளிச்சென்று இருக்கிறது, வேடிக்கை பார்க்கிறவளுக்குச் சொத்தையா?

"சிலருக்கு அப்படித்தான் இருக்கும், வுடு" என்றான் லாரி ஓட்டும் அவள் கணவன் ராஜராஜன். அவள் விடவில்லை.

வேலை நாட்களில் கொட்டகை வேன் விடியும் முன்பே வந்துவிடும். அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை தொட்ட இட்லியை ஊட்டிவிட்டு ஓடுவாள். ஊட்டிய பிறகு என்ன ஆகிறது என்று நின்று பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். சக்தி விழுங்கிவிட்டு விளையாட ஓடினாள். கீதாஞ்சலியின் கன்னம் உப்பியிருந்தது. பாத்திரம் துலக்கி, வாசல் கூட்டி முடித்த பிறகும் அது உப்பியே இருந்தது.

"வாயத் தொற."

சர்க்கரை இட்லி கூழாகிக் கன்னத்தில் அப்படியே கிடந்தது.

"ஏன்டி இன்னும் முழுங்கல?"

"மெல்லும்போது மூச்சு முட்டுதும்மா. அதான் கொஞ்சம் கொஞ்சமா முழுங்குறேன்."

சோம்பேறி என்று திட்டித் திட்டித்தான் இத்தனை நாள் ஊட்டியிருந்தாள். அன்று இரவு தூங்கும் மகளையும் கவனித்தாள். வாய் திறந்தே கிடந்தது, உதடு காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் கேட்ட ஆனி ரோஸ், கீதாஞ்சலியை வாயை மூடச் சொல்லி, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை மூக்கருகே பிடித்தார். கண்ணாடியில் ஆவி படியவே இல்லை.

"மூக்கு அடைச்சிருக்கும்மா. வாயாலதான் மூச்சு வுடுறா, அதுல வாய் காஞ்சு போவுது. எச்சில்தான் பல்லக் காக்கிறது. அதுவும் கொறஞ்சு, இனிப்பும் கன்னத்துலயே கெடந்தா பல்லு என்ன செய்யும்?"

"அப்ப மிட்டாய் திங்கிற சக்தி?"

"வாய் ஈரமா இருக்கு, சட்டுன்னு முழுங்கிடுறா. இதுவரைக்கும் தப்பிச்சா. இப்படியே தின்னா அவளும் இங்க வருவா."

அரியலூரில் மூக்கு டாக்டர், மூக்குக்குப் பின்னால் சதை வீங்கியிருப்பதாகச் சொல்லி, மூக்கில் அடிக்கிற மருந்து கொடுத்தார். வற்றாவிட்டால் ஆபரேஷன் என்றார். ஆனி ரோஸ் ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது, மற்றவற்றை அடைத்தார். கீதாஞ்சலி அழுத அழுகையில் சக்தி ஜவ்வு மிட்டாய் கேட்பதைத் தானாகவே குறைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் இந்தக் கதையைக் கேட்ட பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் யோசித்தார்கள். எல்லார் வீட்டிலும் விடியற்காலை ஊட்டல் அதேதான். எல்லாருமாகப் போய், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு வேன் விடிந்த பிறகு இரண்டாம் நடை வரட்டும் என்று மேஸ்திரி முத்தமிழ்செல்வனிடம் கேட்டார்கள். முதலில் முடியாது என்றவர் பிறகு ஒத்துக்கொண்டார். உண்ணாமலை இப்போது சர்க்கரை இல்லாமல், சின்னச் சின்னத் துண்டாகப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிறாள். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வைக்கிறாள்.

ஆபரேஷன் இல்லாமலே வீக்கம் மெல்ல வற்றியது. முந்திரிப் பழம் உதிர்கிற காலத்தில் ஒருநாள் கீதாஞ்சலி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, என்னமோ நாத்தம் வருதும்மா!"

"முந்திரிப் பழம்டி. வருசா வருசம் வர்றதுதானே?"

"எனக்கு வந்ததே இல்லையே."

உண்ணாமலை அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே ஓடி, ஒரு கை கொத்தமல்லித் தழையைக் கொண்டுவந்து மகளின் மூக்கருகே நீட்டினாள்.

"இது வருதா?"

கீதாஞ்சலி வாயை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தாள். "வருது! வேற என்னம்மா இருக்கு?"